வசன அட்டை மறைத்த பேச்சு

ஊமைப் படத்தில் நடிகர்கள் என்ன உளறினாலும் யாருக்கும் கேட்காது என்று ஹாலிவுட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. காது கேளாதவர்களுக்கு அது அப்பட்டமாகத் தெரியும் என்று ஒரு ஆசாமியும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை மதியக் காட்சிக்கு பிராட்வே தியேட்டரில் மூன்றாவது வரிசை அவர்களுடையது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கிறவர்கள். திரையில் ரோலண்ட் பியர்ஸ் காதலியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்துவான். அரங்கம் மொத்தமும் கைக்குட்டையைத் தேடும். மூன்றாவது வரிசை மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். ஏனென்றால் அவன் சொல்வது, "மத்தியானம் வெங்காயத்தத் தின்னுட்டு வந்து நிக்கிறியே, உனக்கே நல்லாருக்கா?" அடுத்த நொடி முகம் மறைந்து, எழுத்து மட்டும் உள்ள வசன அட்டை திரையில் வரும்: "என் உயிர் உன் காலடியில்."

"ஊரே இவனுக்காக உருகுது. இவன் என்னடான்னா செருப்பு கடிக்குது, வேர்க்குது, எப்ப வீட்டுக்கு விடுவீங்கங்கறான்" என்று எஃபி விரல்களால் பேசுவாள். எஃபி ஒரு செய்தித்தாள் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவள். பிறவியிலேயே காது கேளாதவள். விரல்களில் எப்போதும் மை.

பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பவள் ஹுல்டா லிண்ட். ஏழு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோயிற்று. குரல் மட்டும் மிச்சம். அது கரகரப்பாக இருக்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து அவசியமில்லாமல் அதை வெளியே எடுக்கமாட்டாள். ஸ்டூடியோ உடைப் பிரிவுக்கு மணி கோத்துத் தைத்துக் கொடுப்பது தொழில். புருஷன் தச்சன், செத்துப் பல வருடமாகிறது. ஒரே மகள் சிக்னே.

தைத்த கவுன்களைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போன இடத்தில்தான் சிக்னேவை ஒரு டைரக்டர் பார்த்தான். பதினேழு வயது. முதல் படத்தில் தட்டு ஏந்தி வரும் வேலைக்காரி வேஷம். வந்தாள், கேமராவைப் பார்த்தாள், பணிவாக ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். சொன்னது, "அம்மா, காலைல நான் அடுப்ப அணைச்சேனா?" ஹுல்டா வாய்விட்டுச் சிரித்த சிரிப்பில் அரங்கமே திரும்பிப் பார்த்தது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிப்போனது. ஒவ்வொரு படத்திலும் அம்மாவுக்கென்று ஒரு பேச்சு இருக்கும். சண்டையில், கல்யாணத்தில், சாவுப் படுக்கையில்கூட. ஒருமுறை தூக்குமேடையில் நின்றுகொண்டு, "இந்த ஜாக்கெட்டு அக்குள்ள பிடிக்குது, பிரிச்சுத் தைச்சுக் குடு" என்றாள். டைரக்டருக்குத் தெரியாது, கூட நடித்தவனுக்குத் தெரியாது. ஹுல்டாவுக்குத் தலைகால் புரியாத பெருமை.

நாலே வருடத்தில் சிக்னே, ஐரிஸ் ஹாலோவே ஆனாள். பெயரை ஸ்டூடியோ வைத்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு சினிமாப் பத்திரிகையில் அவளுடைய வாழ்க்கை வரலாற்றையும் போட்டார்கள். அப்பா வடக்குத் தேசத்துப் பிரபு. அம்மா அவளுடைய ஐந்தாவது வயதில் காலமாகிவிட்டாள். "அம்மா பாடிய தாலாட்டு இன்றும் என் காதில் ஒலிக்கிறது" என்று ஐரிஸ் ஹாலோவே கண் கலங்கச் சொன்னாளாம்.

ஹுல்டா அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தாள். தன்னைச் சாகடித்ததைக்கூடப் பொறுத்திருப்பாளோ என்னவோ. அந்தத் தாலாட்டுதான் நெஞ்சில் தைத்தது. தன் இடத்தில் பாடத் தெரிந்த ஒருத்தியை உட்காரவைத்துவிட்டாள் மகள் என்று பட்டது.

சிக்னே அன்று மாலையே ஓடிவந்தாள்.

"அம்மா, அது நான் சொன்னதில்லம்மா. விளம்பரக்காரன் எழுதினது. மாட்டேன்னு சொன்னா ஒப்பந்தத்தக் கிழிச்சிருவேன்னான்..."

"பிரபு மகளுக்கு இங்க என்ன வேல? இது செத்தவ வீடு."

"கொஞ்சம் நான் சொல்றதப் பாரேன்..."

காது உள்ளவர்கள் சண்டையில் கத்துவார்கள், கதவைச் சாத்துவார்கள். காது கேளாதவர்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. ஹுல்டா கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் எதிரே இருப்பவர் ஊமை. எவ்வளவு கெஞ்சினாலும் காற்றோடு போகும். மகள் கையைப் பிடித்து உலுக்கினாள். தோளைத் தொட்டாள். ஹுல்டா திறக்கவில்லை. தரைப்பலகையில் காலடி அதிர்வு நின்று, கதவு சாத்திய அதிர்வும் அடங்கிய பிறகுதான் திறந்தாள்.

அப்புறம் இரண்டு வருடம். சிக்னே வாசலுக்கு வந்தால் ஹுல்டா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள். கடிதங்கள் வந்தன, பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள். மகள் நடித்த படம் ஓடும் வாரம் மூன்றாவது வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கும். வீம்புக்கு மருந்தில்லை. அதிலும் தன் பக்கம் நியாயமும் கொஞ்சம் இருந்துவிட்டால் அது எலும்புவரை இறங்கிவிடும்.

1928 மே மாதம் எஃபி அவசர அவசரமாக வீட்டுக்கு வந்தாள்.

"ஏண்டி, உன் மக புதுப் படத்துல உங்கிட்ட பேசுறாடி. என்னமோ..."

ஹுல்டா கண்ணை மூடிக்கொண்டாள். எஃபிக்கும் கோபம் வந்தது. "போடி, கல்லு" என்று யாரும் பார்க்காத விரல்களால் சொல்லிவிட்டுப் போனாள். பாதியில் நின்ற அந்தப் பேச்சை அதற்குப் பிறகு இருவரும் எடுக்கவில்லை.

ஜூலை மூன்றாம் தேதி எஃபி மறுபடி வந்தாள். வேலை உடுப்போடு, கையில் ஈர மையோடு. அந்தச் செய்தியை அவளேதான் எழுத்து எழுத்தாகக் கோத்திருந்தாள். ஐரிஸ் ஹாலோவே, வயது இருபத்து மூன்று, மலையடிவார மருத்துவமனையில் காசநோயால் மரணம். நகல் தாளை மேசைமேல் விரித்துவிட்டு, ஹுல்டாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஹுல்டாவின் நரைத்த முடியில் அந்த மை இரண்டு நாள் இருந்தது.

அடக்கத்துக்குப் பத்தாயிரம் பேர் வந்தார்கள். தேவாலய வாசலில் சீட்டு உள்ளவர்களைத்தான் விட்டார்கள். செத்துப்போன அம்மாவுக்கு யார் சீட்டுக் கொடுப்பார்கள்? ஹுல்டா கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் ரசிகர்களோடு நின்றாள். பக்கத்தில் ஒரு கடைக்காரப் பெண் மூக்கு சிவக்க அழுதுகொண்டிருந்தாள். ஹுல்டாவின் பக்கம் திரும்பி, "பாவம், அழறதுக்கு அம்மா அப்பான்னு யாருமே இல்லாத பொண்ணு" என்றாள். ஹுல்டா அதைப் படித்தாள். தலையாட்டினாள்.

ஆகஸ்டில்தான் எஃபிக்கு மறுபடி அந்தப் படத்தைப் பற்றிப் பேசத் தைரியம் வந்தது. இந்தத் தடவை ஹுல்டாவின் முகவாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் பேசினாள்.

"கண்ண மூடினே, அறைஞ்சுருவேன். தெற்குப் பக்கத்து டப்பா தியேட்டர்ல இன்னும் ஓடுது. வா."

படத்தில் சிக்னே ஒரு மாலுமியின் மனைவி. கடைசிக்கு முந்தின காட்சியில் ஜன்னலோரம் நின்று, கடலைப் பார்க்கிறாள். முகம் மட்டும் திரை முழுக்க. இளைத்திருந்தாள். பவுடரையும் மீறிக் கன்ன எலும்பு தெரிந்தது. நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"அம்மா, கடுதாசி திரும்பி வந்துருச்சு..."

அட்டை வந்தது: "வசந்தம் வரும், என் தலைவன் வருவான், அதுவரை இந்த விளக்கு அணையாது."

அட்டை போனது. மறுபடி சிக்னேயின் முகம்.

"...அன்னிக்கு வா. மூஞ்சியத் திருப்பிக்கோ, பரவால்ல. ஆனா வா."

அவ்வளவுதான். அரங்கம் மாலுமிக்காக அழுதது. ஹுல்டா எழுந்து நின்றுவிட்டாள். பின்வரிசைக்காரன் தோளைத் தட்டி உட்காரச் சொன்னான்.

என்றைக்கு? எங்கே? அட்டைக்குப் பின்னால் என்ன சொன்னாள்? அடுத்த காட்சியும் பார்த்தாள். மறுநாள் இரண்டு காட்சி. அட்டை ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து நின்றது. மகள் கூப்பிட்ட நாள் அவள் சாவுக்கு முன்னாலா பின்னாலா என்று தெரியாமல் ஹுல்டாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. பின்னால் என்றால் அழுது தீர்க்கலாம். முன்னால் என்றால்?

"தெரிஞ்சு என்னடி பண்ணப் போற?" என்றாள் எஃபி. "பாரமா நெஞ்சு மேல வந்து ஒக்காந்துக்கும். வேண்டாம், விட்டுரு."

"எனக்குச் சொன்னதுடி. எனக்குச் சொன்னது இன்னும் எனக்கு வந்து சேரல."

ஸ்டூடியோக் காவல்காரன் தையல்காரியைத் தடுக்கவில்லை. மணி கோத்த ஜாக்கெட் ஒன்றைக் கையில் போட்டுக்கொண்டு போனாள். படத்தை வெட்டி ஒட்டும் அறையில் நெட்டி காலஹன் இருந்தாள். சிக்னேயின் படங்களையெல்லாம் ஒழுங்கு பண்ணினவள் அவள்தான். வெள்ளைக் கையுறை, கழுத்தில் மாலை மாதிரி ஃபிலிம் சுருள், உதட்டில் கவ்விய ஒரு துண்டு. அந்த உதட்டோடேயே என்னவோ கேட்டாள்.

"வாயில இருக்கறத எடுத்துட்டுப் பேசு" என்றாள் ஹுல்டா குரல் கொடுத்து.

நெட்டி சிரித்துவிட்டாள். ஃபிலிமை எடுத்தாள். "என்ன வேணும் மிஸஸ் லிண்ட்? உடைப் பிரிவு அந்தக் கட்டடம்."

ஹுல்டா தாளில் எழுதி வந்திருந்தாள். யாருடைய அம்மா என்பதை எழுதவில்லை. ஐரிஸ் ஹாலோவேக்கு நிறையத் தைத்திருப்பதாகவும், அந்த ஜன்னல் காட்சியை முழுசாகப் பார்க்க ஆசைப்படுவதாகவும் எழுதியிருந்தாள்.

"முழுசாவா? அதுல என்ன இருக்கு?" நெட்டி நிதானமாக, உதட்டைப் பிரித்துப் பேசினாள், நல்ல பெண். "வாயத் தொறந்ததும் வெட்டணும். அட்டையப் போடணும். மூடப்போற நேரத்துக்குத் திரும்பி வரணும். தொழிலே அதான். நடுவுல அவங்க என்னத்தையாவது முணுமுணுப்பாங்க. அது குப்பை." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. செவ்வாய்க்கிழமை வெட்டின ஃபிலிம் எல்லாத்தையும் அதுல இருக்கற வெள்ளி உலோகத்துக்காக உருக்கப் போறாங்க. பேசும்படக் கொட்டகை கட்டறாங்கல்ல, இடம் வேணுமாம்."

தகர டப்பாக்களில் அரைமணி நேரம் துழாவினாள். கடைசியில் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து, சின்னக் கண்ணாடி பொருத்திய பார்வை எந்திரத்தில் மாட்டினாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி. ஹுல்டா குனிந்து கண்ணை வைத்தாள்.

"ஜூன் ஒம்பது, என் பொறந்தநாள். வெஸ்ட்லேக் பார்க்கு, படகுத்துறை. மத்தியானம் மூணு மணி. எனக்கு நெஞ்சுல சளி முத்திப்போச்சும்மா, இவங்க வெளிய சொல்லக்கூடாதுங்கறாங்க. உன்னப் பாக்கணும் போல இருக்கு. நீ கோவத்துல எதை விட்டாலும் படத்த விடமாட்டேன்னு தெரியும். அதான் இதுல சொல்றேன். ஜூன் ஒம்பது..."

இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள், தேதியை. தவறிவிடக் கூடாதே என்று.

ஜூன் ஒன்பது சனிக்கிழமை. ஹுல்டாவுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. அன்று மூன்று மணிக்கு அவள் பிராட்வேயில் மூன்றாவது வரிசையில் இருந்தாள். ரோலண்ட் பியர்ஸ் குதிரையைத் திட்டிக்கொண்டிருந்தான். வயிறு வலிக்கச் சிரித்தாள். அங்கிருந்து வெஸ்ட்லேக் டிராம் வண்டியில் பதினைந்து நிமிஷம்.

எந்திரத்திலிருந்து முகத்தை எடுக்க நேரமாயிற்று. எடுத்தபோது நெட்டியின் முகம் வெளிறியிருந்தது. ஏதோ புரிந்திருக்க வேண்டும். கன்ன எலும்பு இரண்டு பேருக்கும் ஒரே அச்சு.

"என்ன சொல்றா?" என்று கேட்டாள் நெட்டி. "முக்கியமான எதையாவது வெட்டிட்டேனா? சொல்லுங்க. நான்தான் எங்க அட்டை போடறதுன்னு முடிவு பண்ணேன். ரெண்டு விநாடி தள்ளிப் போட்டிருக்கலாம். ஏதாவது..."

இருபத்தைந்து வயதிருக்கும் நெட்டிக்கு.

"ஒண்ணுமில்ல" என்றாள் ஹுல்டா. "வேளாவேளைக்குச் சாப்பிடுங்கறா. கண்ணக் கெடுத்துக்காதேங்கறா. அவ்வளவுதான்."

"அப்பாடா" என்று நெட்டி நாற்காலியில் சாய்ந்தாள். "பயந்தே போயிட்டேன்."

ஒரு பொய்க்காகப் பெற்ற மகளின் முகத்தில் இரண்டு வருடம் விழிக்காதவள் ஹுல்டா. இந்தப் பொய் எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சிக்னேவுக்கும் அன்று அந்த விளம்பரக்காரன் முன்னால் இப்படித்தான் ஏதோ ஒன்று வாயை அடைத்திருக்கும் என்று இப்போது தோன்றியது. அதைக் காட்டத்தான் அன்று கையைப் பிடித்து உலுக்கினாள். இப்போது புரிந்து யாருக்கு என்ன பிரயோசனம்? நெட்டி அந்தச் சுருளை உறையில் போட்டுக் கொடுத்தாள். "நெருப்புப் பக்கம் மட்டும் வெக்காதீங்க" என்றாள்.

ஹுல்டா வீட்டுக்குப் போகவில்லை. வெஸ்ட்லேக் டிராம் ஏறினாள்.

படகுத்துறையில் வாத்துகள் இருந்தன. குழந்தைகள் ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் கூண்டில் பெரிய மீசைக்காரர் ஒருவர். மேலுதட்டையே காணோம்; என்ன சொல்கிறார் என்று பாதி தெரியவில்லை. ஹுல்டா தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அவர் சங்கடப்பட்டு, மீசையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"ஜூன் ஒம்பது" என்றாள் கரகரத்த குரலில். "மூணு மணி. ஒரு பொண்ணு வந்தாளா? ஒல்லியா இருப்பா. இருமுவா."

"தேதியெல்லாம் எனக்கெங்கம்மா ஞாபகம்?" என்றார் அவர். அப்புறம் மீசையை விடாமலே யோசித்தார். "இருமினாளா? ஆமா, ஒருத்தி வந்தா. முகத்துல வலை போட்டுக்கிட்டு. ரெண்டு பேருக்குப் படகு வேணும்னா, சரின்னு ஒதுக்கி வெச்சேன். அந்த பெஞ்சுல ஒக்காந்திருந்தா. பூட்டற வரைக்கும் ஒருத்தரும் வரல. குளிருது, போம்மான்னு நான்தான் அனுப்பினேன்."

ஹுல்டா பெஞ்சைப் பார்த்தாள். பச்சை வர்ணம் அடித்த சாதாரண பெஞ்சு.

"மறுநாளும் வந்தாம்மா" என்றார் மீசைக்காரர். "அதுக்கடுத்த நாளும். 'ஏம்மா, வராதவங்களுக்கா இத்தன தடவ?'ன்னு கேட்டேன். 'இல்ல, அவங்க வந்திருப்பாங்க. நான்தான் வேகமாப் பேசி நேரத்தச் சரியாச் சொல்லாம விட்டுட்டேன்'னா."

அவர் மீசையை விட்டுவிட்டார். ஹுல்டா கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசையில் நின்ற ஒரு தகப்பன் பொறுமையிழந்து எட்டிப் பார்த்தான்.

"சரியாத்தான் சொன்னா" என்றாள் ஹுல்டா. குரல் பெரிதாக வந்துவிட்டது போலிருக்கிறது, குழந்தைகள் திரும்பினார்கள். "எங்கிட்ட அவ நேரத்தச் சரியாத்தான் சொன்னா."